நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா எப்போ?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வச்சிருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. மீதிப் பாதியில் ரொம்பப் பேர் போடக்கூடாத இடத்தில் போடுறாங்க. இது சர்வே எடுத்துச் சொல்றது இல்லை, எங்க பாகூர் பக்கத்து வண்டிப்பாதையிலயும் புதுச்சேரி டவுன்லயும் என் கண்ணுல பட்டதை வச்சுச் சொல்றேன். மறுத்துப் பேசணும்னா பேசுங்க.

இப்போ இதை எழுதக் காரணம் குருசுக்குப்பத்தில் இருக்கிற எங்க அக்கா மகன். மீனும் ஐஸும் ஏத்துறதுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் பை ஃபோர் பிக்கப் எடுத்திருக்கான். அறுப்புக் காலத்தில் நம்ம நெல்லையும் ஏத்துவான். வண்டி நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு.

"மாமா, இனிமே எவ்வளவு மழை வந்தாலும் கவலை இல்ல. எந்தத் தண்ணியிலயும் போயிடலாம்."

"யாரு மாப்ள சொன்னா?"

"வித்தவருதான் சொன்னாரு மாமா."

விக்கிறவர் சொல்லத்தான் செய்வார். அதுக்கு மேல நாமதான் தெரிஞ்சுக்கணும். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டு போடச் சொல்றாங்க, சிக்னல் கேக்குறாங்க. இந்த ரெண்டாவது கியர் கம்பியை எப்போ தொடணும்னு யாரும் கேக்குறது இல்லை. டிரைவிங் ஸ்கூல்ல இருக்கிறது சின்ன கார், அதுல அந்தக் கம்பியே கிடையாது.

டிராக்டர் ஓட்டுறவங்களுக்கு இது பாதி தெரியும். சேடை ஓட்டும்போது முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தா வண்டி எப்படி நகருதுன்னு பார்த்திருப்பீங்க. அதே டிராக்டரை ஃபோர் வீல் எடுக்காமலே தார் ரோட்டில் டிரெய்லரோட ஓட்டிக்கிட்டு வந்தா முன் டயர் சீக்கிரம் மொட்டையாகும். ஏன்னா ஃபோர் வீல் டிராக்டர்ல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட 1 முதல் 5 சதவீதம் வரைக்கும் கூடுதலா ஓடுற மாதிரிதான் பல் கணக்கு வச்சிருப்பான். சேத்துல அந்த வித்தியாசம் வழுக்கிப் போயிடும். தார்ல வழுக்க இடம் இல்லை, ரப்பர்தான் தேயும்.

பிக்கப்பிலும் ஜீப்பிலும் கணக்கு கொஞ்சம் வேற, ஆனா வேதனை அதேதான். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் உள்ளே வெட்டிச் சின்ன வட்டம் போடும். மாட்டு வண்டி திருப்பும்போது பாருங்க, மாட்டுக் குளம்பு போன தடத்தில் சக்கரம் போகாது, உள்பக்கமாத்தான் போகும். ஆக முன்னாடி இருக்கிறது அதிக தூரம் ஓடணும். நம்ம ஊர் பிக்கப்பில் பெரும்பாலும் இருக்கிறது பார்ட் டைம் ஃபோர் வீல். கம்பியைப் போட்டா முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணா பூட்டிக்கும். ஒண்ணு அதிகம் ஓடணும், இன்னொண்ணு விட மாட்டேங்குது. மண்ணா இருந்தா ஏதோ ஒரு டயர் லேசா வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துடும். தார் ரோடா இருந்தா முறுக்கு உள்ளேயே ஏறிக்கிட்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், வளைவில் வண்டி யாரோ பின்னாடி இழுத்துப் பிடிச்ச மாதிரி திணறும். அப்புறம் டூ ஹெச்சுக்குத் திரும்பலாம்னு கம்பியை இழுத்தா வராது. "வண்டி ரிப்பேர்"னு மெக்கானிக்கைக் கூப்பிடுவான். மெக்கானிக் வந்து நேரா பத்தடி ரிவர்ஸ் எடுப்பார், கம்பி தானா விடும். கூலியை வாங்கிக்கிட்டுப் போவார். அந்தப் பத்தடி ரிவர்ஸை நீங்களே எடுத்துப் பாருங்க.

சில பெரிய கார்கள்ல எப்போதும் நாலு சக்கரமும் ஓடுற மாதிரி நடுவில் இன்னொரு கிரவுன் வச்சிருக்கும். அது வேற ஜாதி. அதை ஓட்டினவர் யூடியூப்ல பேசுறதைக் கேட்டுட்டு உங்க பிக்கப்பை அப்படி ஓட்டாதீங்க.

முதல்ல உங்க வண்டி ஃபோர் வீல்தானான்னு பாருங்க. சிரிக்காதீங்க. மஹிந்திரா தார்னாலே நாலு சக்கரமும் இழுக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விக்கிறாங்க. உருவம் அதே உருவம், உள்ளே அந்த ரெண்டாவது கம்பி மட்டும் இருக்காது. பொலிரோ கேம்பர்லயும் ரெண்டு வகையும் வந்திருக்கு. இசுசு வி-கிராஸ் மாதிரி வண்டியில் கம்பிக்குப் பதிலா திருகுற குமிழ் இருக்கும். பழைய ஜீப்பிலயும் ஜிப்சியிலயும் இறங்கிப் போய் முன் சக்கரத்து நடுவில் இருக்கிற ஹப்பைத் திருகிப் பூட்டணும். அதைப் பூட்டாம உள்ளே கம்பியை மட்டும் போட்டா முன் ஷாஃப்ட் சும்மா சுத்தும், சக்கரம் இழுக்காது. இதை அறியாம "இந்த வண்டி ஃபோர் வீல் வேலை செய்யல"ன்னு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட ஆளும் உண்டு. வாங்கினவர் இன்னும் சந்தோஷமா ஓட்டுறார்.

சரி, எப்போ போடணும்? மாட்டுறதுக்கு முன்னாடி. இதைத்தான் நம்ம ஆளுங்க தலைகீழா செய்றாங்க. களிமண் பாதையில் இறங்கி, பின் சக்கரம் சுத்தி, அச்சு வரைக்கும் குழி பறிச்சு, வண்டி வயிறு தரையைத் தொட்ட பிறகுதான் கை அந்தக் கம்பிக்குப் போகுது. அப்போ நாலு சக்கரம் என்ன, எட்டு சக்கரம் இருந்தாலும் நாலு குழிதான் பறிக்கும். பாகூர் பக்கத்து மண் ஐப்பசி மழை குடிச்சதும் எப்படி ஆகும்னு தெரியும்ல, செருப்பையே விடாது. தார் முடியுற இடத்தில் நிறுத்தி, ஃபோர் ஹெச் போட்டு, ரெண்டாவது கியர்ல ஒரே சீரா உள்ளே போய், ஒரே சீரா வெளியே வரணும். நடுவில் நிறுத்தினாத்தான் தொல்லை.

ஃபோர் எல் அதாவது லோ போடுறது வேகத்துக்கு இல்லை, மெதுவுக்கு. எஞ்சின் இழுப்பை ரெண்டரை மடங்கு வாக்கில் கூட்டிக் கொடுக்கும், வேகம் அந்த அளவுக்குக் குறையும். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதிச்சுத்தான் போடணும். பாரத்தோட கரை ஏறுறது, மாட்டின வண்டியைக் கட்டி இழுக்கிறது, செங்குத்தா இறங்குறது, இதுக்குத்தான் அது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுற டிரைவர்களைப் பார்த்தா புரியும். பாறை மேல நடக்கிற ஆள் வேகத்துக்குப் போவாங்க. அவசரமே இருக்காது. இறக்கத்தில் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராம, கியரே வண்டியைப் பிடிச்சுக்க விடுவாங்க. நம்ம சமவெளியில் ஃபோர் எல் தேவைப்படுற நாள் வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணலாம்.

நாலு சக்கரமும் இழுக்குது, ஆனாலும் மாட்டிக்குதுன்னு ஒரு புகார் வரும். டிராக்டர்ல டிஃப் லாக் பெடல் எதுக்கு இருக்கோ, காரணம் அதுதான். கிரவுன் எப்பவும் லேசா சுத்துற பக்கத்துக்கே ஓட்டத்தைக் கொடுக்கும். முன்னாடி ஒரு சக்கரமும் பின்னாடி ஒரு சக்கரமும் சேத்துல சுத்தினா மத்த ரெண்டும் வேடிக்கை பார்க்கும். லாக் இருக்கிற வண்டின்னா பயன்படுத்தலாம். நேரா போகும்போது மட்டும், திரும்புறதுக்கு முன்னாடி விட்டுடணும். இல்லாத வண்டின்னா மண்வெட்டியும் ரெண்டு பலகையும் வண்டியில் கிடக்கட்டும். வைக்கோல் அள்ளிப் போடுறது பழைய வித்தை, இன்னைக்கும் வேலை செய்யுது.

இதைவிட முக்கியமா நான் நினைக்கிறது டயர். ஃபோர் வீலுக்கு லட்சத்துக்கு மேல கூடுதலா கொடுத்தவன், டயரைத் தேய்ஞ்சு வழுக்கையாகுற வரைக்கும் ஓட்டுறான். நம்ம வயல்ல அறுப்பு மெஷின் வரும்போது ஈரம் இருந்தா பெல்ட் வண்டி கேக்குறோம், காய்ஞ்சிருந்தா டயர் வண்டி போதும்ங்கிறோம். ஏன்? பாரம் பரவணும். டயர்ல காத்தைக் குறைச்சா அதே வேலைதான் கொஞ்சம் நடக்குது, டயர் தரையைத் தொடுற நீளம் கூடுது. மணல்ல காலி வண்டிக்கு 18, 20 பாயிண்ட் வரைக்கும் இறக்கலாம். பாரம் ஏத்தியிருந்தா அவ்வளவு இறக்கக் கூடாது. தார் ஏறினதும் திரும்ப அடிக்கணும், அதனால சிகரெட் லைட்டர்ல சொருகுற சின்ன பம்ப் ஒண்ணு கட்டாயம். இன்னொண்ணு, காலி பிக்கப்பில் பின்பக்கம் பாரமே இருக்காது. டூ வீல் வண்டிக்காரர் பின் அச்சுக்கு மேல நாலு மூட்டை மண்ணைப் போட்டாலே பாதி இடத்தில் தப்பிச்சுடலாம். இதுக்காகவே ஃபோர் வீல் வாங்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல இதைச் செஞ்சு பாருங்க.

இனி மணலுக்கு வர்றேன். குருசுக்குப்பத்துக்காரனுக்கு மணல் பாடம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆத்து முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் போட்டு அலைத்தடுப்பு கட்டினாங்க. வருஷத்தில் பெரும்பாலான மாசம் நம்ம கரையில் மணல் தெற்கே இருந்து வடக்கேதான் நகரும். அதை அங்கேயே மறிச்சதும் வடக்கே இருந்த டவுன் கரை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்னு ஒவ்வொண்ணா மணலை இழந்துச்சு. கடல் வீட்டு வாசலுக்கு வந்ததும் கருங்கல் கொட்டினாங்க. காந்தி சிலைப் பக்கம் செயற்கைத் திட்டு போட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் மணல் திரும்பினது உண்மை. ஆனா எங்க அக்கா வாக்கப்பட்டுப் போன காலத்தில் பெரியவங்க சொல்லிக்கேட்ட கரை இப்போ இல்லை. அதனால மாப்ளைங்க வண்டியை எடுத்துக்கிட்டு மணல் தேடி வடக்கேயோ தெற்கேயோ போறாங்க, வீடியோ எடுக்க.

2024 ஜூன்ல குஜராத் கட்ச் பக்கம் முந்த்ரா கடற்கரையில் ரெண்டு தார் வண்டியைக் கடல்ல இறக்கி மாட்டிக்கிட்ட வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கடைசியில் போலீஸ் கேஸ். ஈர மணல் கெட்டியாத்தான் தெரியும். அலை வந்து போற ஒவ்வொரு தடவையும் டயருக்கு அடியில் இருக்கிற மணலை உருவிக்கிட்டுப் போகும். நீங்க நின்னு பாருங்க, உங்க கால் புதையும். ரெண்டு டன் வண்டி எப்படிப் புதையாம இருக்கும்? உப்புத் தண்ணி பட்ட வண்டியை அன்னைக்கே நல்ல தண்ணியில் அடியோட கழுவணும். குப்பத்துல உப்புக் காத்துலயே தகரம் அரிக்குது, அதுக்கு மேல கடலுக்குள்ளயே இறக்கினா எத்தனை வருஷம் தாங்கும்? தை, மாசியில் இன்னொரு விஷயம். நம்ம கரையில் பங்குனி ஆமை ராத்திரியில் ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டை இடுற காலம் அது. முட்டைக் குழி மேல தெரியாது. டயர் ஏறினா அவ்வளவுதான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, வெளியூர் நம்பர் வண்டியில் வர்றவங்களுக்குத்தான் சொல்லணும்.

ஆனா மணல்ல மாட்டினா போறது பணம். தண்ணியில் போறது உயிர். "எந்தத் தண்ணியிலயும் போயிடலாம்"னு அவன் சொன்னதுதான் எனக்குப் பயம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்மகிட்டதான் கரை ஏறுச்சு. ஒரே நாள்ல புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, ராணுவம் வந்தது. ஜனங்களை வெளியே கொண்டாந்தது படகு. அடுத்து டிசம்பர் 2 விடியுறதுக்குள்ள சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்தாங்க, தென்பெண்ணை எங்க பாகூர் பக்கத்து ஊருங்களுக்குள்ள வந்துச்சு. அந்தத் தண்ணியில் வண்டி இறக்கலாமா வேண்டாமாங்கிறது எங்களுக்குக் கதைப் பேச்சு இல்லை.

ஃபோர் வீல் டிரைவ் கொடுக்கிறது பிடிப்பு. பிடிப்புக்கு மூலதனம் வண்டியோட எடை, அது டயர் வழியா தரையை அழுத்தணும். வண்டி ஒரு கன மீட்டர் தண்ணியை ஒதுக்கினா ஒரு டன் எடை டயர் மேல இருந்து கழிஞ்சு போயிடும். ரெண்டு டன் வண்டியில் ஒரு டன் போனா மிச்சம் என்ன? பக்கவாட்டில் ஓட்டம் வேற தள்ளுது. முழங்கால் அளவு ஓடுற தண்ணியே சின்ன காரை நகர்த்தும். நாலு சக்கரமும் எஞ்சினோட சேர்ந்து சுத்தினாலும், தொடாத தரையை எப்படிப் பிடிக்கும்? புது தாருக்குக் கம்பெனியே கொடுத்திருக்கிற தண்ணி ஆழம் 650 மில்லிமீட்டர், ரெண்டடி சொச்சம். அதுவும் ஓடாம நிக்கிற தண்ணிக்கு, தரை தெரிஞ்ச இடத்துக்குன்னு வச்சுக்கணும். தரைப்பாலத்தில் தண்ணி ஓடும்போது அதுக்கு அடியில் பாலம் இருக்கா, அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சான்னு வண்டிக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாது.

எஞ்சின் காத்து இழுக்கிற வாய்க்குள்ள தண்ணி போனா இன்னொரு கதை. காத்து சுருங்கும், தண்ணி சுருங்காது. பிஸ்டன் மேல வந்து முட்டினதும் கனெக்டிங் ராடு வளையும். வண்டி நின்னுடுச்சேன்னு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சா மிச்சமும் போகும். சாதாரண இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் இதுக்குப் பணம் தர மாட்டாங்க, எஞ்சினுக்குத் தனியா கட்டியிருக்கணும். தண்ணியில் நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாம கட்டி இழுத்துக்கிட்டு வர்றதுதான் வழி. அப்புறம் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைத் திறந்து பாருங்க. பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்கு, உடனே மாத்தணும். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் முன் கிரவுன் ஆயிலும் டூ வீல் வண்டிக்கு இல்லாத செலவு. சர்வீஸ்ல கேட்டு வாங்கலைன்னா மறந்துடுவாங்க.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையில் பறக்கிறவங்களுக்கும் ஒண்ணு. நாலு சக்கரமும் இழுக்கிறதால கிளம்புறது சுலபம். நிறுத்துறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான் பிரேக், உங்களுக்குக் கூடுதலா எதுவும் இல்லை. வண்டி வேற கனம். நல்லா ஏறிப் போகுதேங்கிற தைரியத்தில்தான் பின்னாடி போய் இடிக்கிறாங்க.

அப்போ வாங்கவே கூடாதுன்னு சொல்றேனான்னா, இல்லை. கார்த்திகை மாசம் களிமண் பாதைக்கு உள்ளே இருந்து விளைச்சலை வெளியே எடுக்க வேண்டியவனுக்கு, மண் கரையில் படகும் வலையும் ஏத்தி இறக்குறவனுக்கு, மலைக்காட்டுக்காரனுக்கு அது சம்பாதிச்சுக் கொடுக்கும். டவுன்ல மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் ஓட்டுறவருக்கு வெறும் கனம், டீசல் செலவு. எங்க மாப்ளைக்கு வருஷத்தில் பத்து நாள் வேலைக்கு ஆகும். அந்தப் பத்து நாள்ல வேலை செய்யணும்னா மீதி மாசத்திலும் மாசம் ஒரு தடவை மண் ரோட்டில் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஃபோர் ஹெச் போட்டு ஓட்டணும். இல்லன்னா உப்புக் காத்துல கம்பி இறுகிப் போய், வேணுங்கிற அன்னைக்கு வராது.

இதுல அரசாங்கம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒண்ணு இருக்கு. குரும்பாபேட்டையில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நமக்கு எத்தனையோ பயிற்சி கொடுக்குறாங்க. புரட்டாசி மாசம் ஒரு அரை நாள், டிராக்டரும் பிக்கப்பும் வச்சிருக்கிறவங்களைக் கூப்பிட்டு, ஒரு சேத்து வயல்ல இறக்கி, ஏத்தி, கட்டி இழுத்துக் காட்டலாம். தீயணைப்புத் துறையில் இருந்து ஒருத்தர் வந்து எந்தத் தண்ணியில் இறங்கக் கூடாதுன்னு சொல்லலாம். வெள்ளம் வந்தா முதல்ல தெருவுக்குள்ள வர்றது எப்படியும் நம்ம பசங்க வண்டிதான். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்.

மாப்ளைகிட்ட இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்லியிருக்கேன். தண்ணி ஓடுற ரோட்டில் இறங்குறது இல்லை. நிக்கிற தண்ணின்னாலும் முதல்ல ஒரு ஆள் கம்போட நடந்து பார்க்கணும், மேன்ஹோல் மூடி திறந்து கிடக்கும். தண்ணி அவன் முழங்காலுக்கு மேல வந்தா வண்டி திரும்பிடணும். "அப்புறம் ஃபோர் வீல் எதுக்கு மாமா?"ன்னு கேட்டான். "திரும்புற இடம் சேறா இருக்கும்ல மாப்ள, அதுக்கு"ன்னேன். சிரிச்சான். வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியை எங்க களத்துக்கு எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். வாய்க்கால் ஓரம் ஈரம் இருக்கு, டிராக்டரும் கயிறும் பக்கத்துலயே இருக்கும். ஓட்டிப் பார்க்கட்டும்.